சிட்சை பெஞ்சு

"எத்தனை மாசம் போட்டிருக்காங்க?"

தெல்மி அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் இருந்த காஸ்துலோ அவளிடம் கேட்டது இதைத்தான். சிறைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பழைய கைதி விசாரிக்கிற தோரணை. மடியில் தொப்பி, தொப்பிக்குள் ஆரஞ்சுத் தோல். பாஸ்டர் ஆரம்ப ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். இந்த ஆள் சுளை சுளையாகப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஆறு" என்றாள் தெல்மி, முகத்தைத் திருப்பாமல்.

"ப்பூ, ஆறுதானா? மழைக்கு ஒதுங்கின மாதிரி இருந்துட்டுப் போயிருவீங்க சிஸ்டர். எனக்கு நாலு வருஷம்."

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நாலு வருஷமாகச் சிட்சையில் கிடக்கிற கழுதைக்காரனோடு தோளுரச உட்காரும்படி ஆகிவிட்டதே என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டாள்.

லாஸ் குவாமாஸ் ஜீவ ஊற்று சபையில் சிட்சை என்றால் கதவோரமாகக் கிடக்கும் கடைசி பெஞ்சு. அதில் உட்கார்ந்திருப்பவர் பாடக் கூடாது. சத்தமாக ஜெபிக்கக் கூடாது. சாட்சி சொல்லக் கூடாது, அப்பமும் ரசமும் தொடக் கூடாது. கை தட்டலாமா என்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் தட்டினால் முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காணிக்கைப் பைக்கு மட்டும் கட்டுப்பாடு ஏதும் கிடையாது. அது கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து வந்து, கொஞ்சம் நின்றுவிட்டும் போகும்.

தெல்மி செய்த பாவம் முடி வெட்டிக்கொண்டது.

அவள் வெட்டிக்கொண்டாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஜனவரியில், காப்பி அறுவடை உச்சத்தில் இருந்தபோது, ஆலையில் பழத்துக்குத் தோலுரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் குனிந்திருந்தாள். துணியால் சுற்றி வைத்திருந்த பின்னல் அவிழ்ந்து, நுனி இயந்திரத்துப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பெண் தலைமுடியில் கத்தரி படக் கூடாது என்பது சபைச் சட்டம். அவளுடையது பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி, முழங்கால் வரைக்கும் இருந்தது. பெல்ட் அதை விறுவிறுவென்று சுற்றி இழுத்தது. டீசல் மோட்டாரை நிறுத்தினாலும் உடனே நிற்காது. சக்கரத்துக்கும் அவள் நெற்றிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தபோது அவள் கத்தினாள்: "வெட்டுடா ரூஃபினோ! வெட்டு!" மோட்டார் ஓட்டுகிற ரூஃபினோ வெட்டுக்கத்தியை ஓங்கி ஒரே போடாகப் போட்டான். தலை தப்பியது. முடி கழுத்தோடு போயிற்று.

அடுத்த மாதம் பாஸ்டர் அப்தியாஸும் இரண்டு மூப்பர்களும் விசாரணைக்கு உட்கார்ந்தார்கள்.

"ரூஃபினோ தானா வெட்டினானா, நீங்க சொல்லி வெட்டினானா?"

"நான்தான் சொன்னேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்."

தப்பித்துப் போகப் பாஸ்டர் ஒரு சந்து காட்டுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ரூஃபினோ சபையைச் சேர்ந்தவன் அல்ல. பாவத்தை அவன் தலையில் கட்டிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தலையைக் காப்பாற்றினவன் தலையில் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"தலை போயிட்டிருந்துச்சு பாஸ்டர். யோசிக்க எங்க நேரம்?"

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "விசுவாசம் உள்ள ஒரு சகோதரி அந்த நேரத்துல கர்த்தரைக் கூப்பிட்டிருப்பா. நீங்க ரூஃபினோவைக் கூப்பிட்டீங்க."

ஆறு மாதம் என்று தீர்ந்தது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும். கதவு வரை வந்து வழியனுப்பிய பாஸ்டர், "இது தண்டனை இல்ல சிஸ்டர், சோதனை. சோதனை பொறுமையைக் கொடுக்கும். பொறுமை வந்துட்டா விசுவாசம் தானா பலப்படும்" என்றார். செருப்பு விற்கிறவன் போட்டுப் பாருங்கள் என்று சொல்வது மாதிரி சொன்னார்.

பாஸ்டர் அப்தியாஸ் பாஸ்டருடைய மகனாகப் பிறந்து, அப்படியே பாஸ்டராகிப் போனவர். காப்பி மூட்டையின் எந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்குவது என்று தெரியாது. அவருக்கு வந்த பெரிய சோதனை பிக்கப் வண்டியின் டயர் வெடித்தது. அந்த டயரின் மூலம் ஆண்டவர் தமக்குப் பொறுமையைக் கற்றுத் தந்ததைப் பற்றி மூன்று ஞாயிறு பிரசங்கம் பண்ணியிருக்கிறார். பாஸ்டரம்மா ஒந்தினாவின் சாட்சியோ குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியது. அது கெட்டுப்போய்ப் பதினோரு நாள் பாடுபட்டாராம். பன்னிரண்டாம் நாள் மெக்கானிக் வந்தபோது ஆண்டவருடைய கரத்தைக் கண்டாராம். முன்வரிசை முழுக்க அழுதது. அந்தப் பதினோரு நாளும் தெல்மியின் வீட்டில் கூரையே இல்லை. முந்தின வாரக் காற்றில் தகரம் பறந்து போயிருந்தது. ஆனால் அது யாருக்கும் சாட்சியாகத் தெரியவில்லை. கூரை போனவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது.

இதையெல்லாம் தெல்மி அதுவரை மனதில் இப்படி வைத்துப் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றவர்களுடைய முதுகு மட்டும்தான் தெரியும். முதுகைப் பார்த்துக்கொண்டே சாட்சி கேட்டால் அது வேறு மாதிரி இருந்தது.

அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். மகள் தமாரிஸுக்குப் பதினாறு வயது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஆற்றில் அவளுக்கு ஞானஸ்நானம். ஜீவ ஊற்றில் ஒரு முறை உண்டு. பெண் தண்ணீரில் மூழ்கி எழும்போது, தாய் இடுப்பளவு ஆற்றில் நின்று வெள்ளைத் துவாலையால் போர்த்திக் கரைக்குக் கூட்டி வர வேண்டும். தாய் இல்லாத பெண்ணுக்குப் பாஸ்டரம்மா போர்த்துவார். தாய் சிட்சையில் இருந்தாலும் அதே கதைதான். அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்காரியின் கை தன் மகளைச் சுற்றி வளைப்பதை நினைத்தாலே தெல்மிக்கு வயிறு எரிந்தது. தமாரிஸுக்குத் தகப்பன் பிழைப்புக்கு எல்லை தாண்டி வடக்கே போய் ஆறு வருஷம், போன் பேசுவதை நிறுத்தி நாலு வருஷம். பிள்ளைக்கு இருப்பது அவள் ஒருத்தி.

ஞானஸ்நானத்தன்று காலை ஆராதனையில் அவளுடைய ஆறு மாதம் முடியும். ஆனால் தானாக முடியாது. எழுந்து முன்னால் போய்ச் சபைக்குத் திருப்தியாகச் சாட்சி சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் இன்னொரு ஆறு மாதம்.

அறுவடை முடிந்து ஆலையை மூடினார்கள். மற்ற வருஷங்களில் அந்த மாதங்களில் அவளுக்குச் சோறு போட்டது ரொட்டி. கொல்லையில் களிமண் அடுப்பு இருந்தது. வெல்லமும் சோள மாவும் போட்டு அவள் சுடுகிற ரொட்டியைச் சபைப் பெண்கள்தான் வாங்குவார்கள். இந்த வருஷம் யாரும் வரவில்லை. யாரும் வாங்காதே என்று சொல்லவும் இல்லை. "வீட்டுல நேத்து வாங்கினதே இருக்கு சிஸ்டர்" என்றார்கள், சிரித்த முகத்தோடு. தமாரிஸைப் பாடகர் குழுவில் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். பிறகு அந்த வரிசையும் நிறைந்துவிட்டது என்றார்கள். மே மாதம் முழுக்கத் தாயும் மகளும் உப்புப் போட்ட பீன்ஸும் சோள ரொட்டியுமாக ஓட்டினார்கள். கத்தோலிக்கக் கோவிலுக்கு வருகிற கிழவிகள் இரண்டு பேர் வந்து ரொட்டி வாங்கினார்கள். தெல்மி நன்றி சொல்லாமல் கொடுத்தாள். அவர்களுடைய தயவு அவளுக்கு இன்னும் கசந்தது.

விடியற்காலையில் மாவு பிசைகிறபோதுதான் அவள் ஜெபிப்பாள். முதலில் சண்டைதான் போட்டாள். ஏன் இப்படிச் செய்தீர் ஆண்டவரே, அந்த மூப்பருடைய மகள் கேசத்துக்குச் சாயம் பூசுகிறாளே, அது கண்ணில் படவில்லையா என்று பட்டியல் போட்டாள். பட்டியல் நீளமாக இருந்தது. பல நாள் ஓடியது. ஒரு நாள் பட்டியல் தீர்ந்துபோயிற்று. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல், "மாவு இன்னிக்குப் புளிச்சு வரல" என்றாள். யாரோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. அதிலிருந்து அவள் அப்படித்தான் பேசினாள்.

ஜூன் மாதம் மூன்று நாள் விடாமல் அடைமழை பிடித்தது. மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெல்மி ஒரு பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மா, உனக்குப் பைத்தியமா? யாரும் வர மாட்டாங்க" என்றாள் தமாரிஸ்.

"அதுக்குத்தான்டி போறேன்."

பக்தியால் போகவில்லை, வீம்புக்குத்தான் போனாள். சபை முழுக்க வீட்டில் முடங்கிக் கிடந்த அன்றைக்குச் சிட்சையில் இருந்தவள் வந்தாள் என்று பிறகு சொல்லிக்காட்டலாமே.

சபையின் கதவைக் கட்டிவைக்கிற கம்பி அவிழ்ந்து தொங்கியது. உள்ளே காஸ்துலோ உட்கார்ந்திருந்தார், அதே கடைசி பெஞ்சில், கால்சட்டையை முட்டி வரைக்கும் சுருட்டிக்கொண்டு. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

"வாங்க சிஸ்டர். ஆராதனை ஆரம்பிக்கலாமா?"

"பாஸ்டர் எங்க?"

"டயர் நனைஞ்சிருமில்ல?"

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. அவர் முன்வரிசையைக் கை காட்டினார். "ஈரத்துல ஏன் நிக்கறீங்க? போய் முன்னாடி உக்காருங்க. பாஸ்டரம்மா சீட்டு காலியாத்தான் கெடக்கு."

தெல்மி போனாள். உட்கார்ந்தும் பார்த்தாள். திரும்பி வந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"மெத்தை வச்சிருக்காங்க. உள்ள போயிட்டே இருக்கு."

"அதான் அவங்களுக்கு எந்திரிக்க அவ்வளவு நேரமாகுது."

இரண்டு பேரும் ஈரப் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார்கள். தகரத்தில் மழை கொட்டியது. அவள் அதுவரை கேட்காததை அன்றைக்குக் கேட்டாள்.

"நீங்க என்ன செஞ்சீங்க பிரதர்? நாலு வருஷம் போடுற அளவுக்கு?"

"நாலு வருஷம்னு யாரும் போடல. ஆறு மாசம்தான் போட்டாங்க. நான்தான் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கேன்."

நாலு வருஷத்துக்கு முன்னால் வெள்ளம் வந்தபோது கத்தோலிக்கக் கோவிலுக்குள் ஆறு புகுந்துவிட்டது. அங்கே சான் இசிட்ரோ சிலை இருந்தது. காளை மாடும் கலப்பையுமாக, கனத்த மரத்தில் செய்தது. அதைத் தூக்க நாலு பேர் வேண்டும், மூன்று பேர்தான் இருந்தார்கள். கழுதைகளை மேட்டில் கட்டிவிட்டு வந்துகொண்டிருந்த காஸ்துலோ போய்த் தோள் கொடுத்தார். விக்கிரகத்தைச் சுமந்தவன் என்று சபை அவரைப் பின்னால் உட்கார வைத்தது.

"நான் கும்பிடல, தூக்கினேன்" என்றார். "இத சொன்னா, தப்புன்னு ஒத்துக்க, அப்புறம் பேசலாங்கறாங்க."

"ஒத்துக்கிட்டா என்ன? ஒரு நிமிஷம்தானே."

"ஒரு நிமிஷம்தான். நான் செஞ்ச தப்பு நூறு இருக்கு சிஸ்டர். குடிச்சுட்டு என் கழுதையை அடிச்சிருக்கேன், அது ஒரு கண்ணை மூடிக்கிட்டே நடக்கும் இப்பவும். அம்மா சாகறப்போ சீட்டாடிட்டிருந்தேன். அதுக்கெல்லாம் எவனும் என்னைப் பின்னாடி உக்கார வைக்கல. வாழ்க்கையில செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அது. அதுக்குப் போய் மன்னிப்புக் கேளுன்னா, கர்த்தர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அப்ப வேற சபைக்குப் போக வேண்டியதுதானே?"

"ஏன் போகணும்? எனக்குக் கர்த்தர் கெடச்சது இங்கதான். அவங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னா அவங்க போகட்டும்."

தெல்மிக்கு அதில் பாதி கிறுக்குத்தனமாகத் தோன்றியது. மீதிப் பாதியைப் பற்றி அவள் யோசிக்க விரும்பவில்லை.

"பாடலாமா?" என்று கேட்டாள். "யாரும் இல்லையே."

"பாடக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க."

"விக்கிரகம் தூக்குவீங்க, பாட மாட்டீங்களா?"

"அவங்க சட்டத்தை மதிச்சுத்தான் சிஸ்டர் நான் இங்க உக்காந்திருக்கேன். இல்லன்னா எப்பவோ முன்னாடி போயிருப்பேனே."

அதனால் பாடவில்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். காஸ்துலோ கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. அவர் ஜெபிப்பதைத் தெல்மி முதல்முறையாகப் பார்த்தாள். நாலு வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் இந்த ஆள் வந்தது பிடிவாதத்தால் என்றுதான் ஊர் முழுக்க நினைத்தது, அவளும் நினைத்தாள். பிடிவாதக்காரன் இப்படி ஜெபிக்க மாட்டான். சம்பளம் வாங்கப் போகிறவன் மாதிரி இல்லை, கடன் கேட்கப் போகிறவன் மாதிரியும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தார். அவளும் கண்ணை மூடினாள். பிழைப்பும் பசியும் அப்படியேதான் இருந்தன. ஆனால் தன்னை யாரும் எதிலிருந்தும் வெளியே தள்ளிவிட முடியாது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. சபை அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கொடுக்காத ஒன்றை, சபையே இல்லாத அந்தக் காலைப்பொழுது கொடுத்தது.

அடுத்த ஞாயிறு பாஸ்டரம்மா அறிவிப்பு நேரத்தில் எழுந்து, கர்த்தருடைய ஆலயத்தில் யாரோ சேற்றுக் காலோடு நடமாடியிருப்பதாக வருத்தப்பட்டார். மெத்தையில்கூட ஈரம் இருந்ததாம். காஸ்துலோ ஆரஞ்சுத் தோலைத் தொப்பிக்குள் போட்டுவிட்டு, "சாட்சி கெடச்சுருச்சு அவங்களுக்கு. இனி மூணு மாசத்துக்கு மெத்தைதான்" என்று கிசுகிசுத்தார். தெல்மி வாயைப் பொத்திக்கொண்டாள். மறுகோடிக்கு நகர்ந்து உட்காருவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

ஆகஸ்டில் மழை ஓய்ந்து ஆறு தெளிந்தது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பிற்பகல் பாஸ்டர் அப்தியாஸ் அவளுடைய வீட்டுக்கு வந்தார். ஆறு மாதத்தில் இதுதான் முதல் தடவை. அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். சிட்சையில் இருக்கிற கையால் சுட்ட ரொட்டியை மூன்று தின்றார்.

"நாளைக்கு சாட்சி தயாரா சிஸ்டர்?"

"தயார் பாஸ்டர்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"இந்த ஆறு மாசம் என் விசுவாசத்தைப் பலப்படுத்துச்சுன்னு சொல்லுவேன். பொறுமை வந்துச்சுன்னு சொல்லுவேன்."

பாஸ்டர் மகிழ்ந்துபோனார். அது பொய்யில்லை என்பதுதான் தெல்மிக்கு ஆத்திரமாக இருந்தது. இந்த மனுஷன் விற்ற செருப்பு நிஜமாகவே காலுக்குப் பொருந்திவிட்டது. ஆனால் அதைத் தைத்தவன் இவன் அல்ல.

"நல்லது. கூட ஒரே ஒரு வார்த்தை சேர்த்துக்கணும்." பாஸ்டர் குரலைத் தணித்தார். "நாளைக்கு மாவட்டக் கண்காணிப்பாளர் வர்றார். ஒரு ஆள் எப்படி நாலு வருஷம் சிட்சையில இருப்பான், நீ என்ன மேய்ப்பன்னு போன தடவையே என்னைக் கேட்டாரு. நீங்க அந்தப் பெஞ்சுலயே இருந்தவங்க. நீங்க சொன்னா எடுபடும். சிட்சைக்குக் கீழ்ப்படிஞ்சா பலன் உண்டு. இருதயத்தைக் கடினப்படுத்திக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களுக்கு எத்தனை வருஷமானாலும் ஒண்ணும் கெடைக்காது, அதை நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன்னு சொல்லுங்க. பேரெல்லாம் சொல்ல வேணாம்."

"பேர் சொல்லாட்டி யாருன்னு தெரியாதா? பெஞ்சுல இருந்ததே ரெண்டு பேருதான்."

"அதான் சொல்ல வேணாங்கறேன்."

தெல்மி அடுப்பில் விறகைத் தள்ளினாள். "சொல்லலைன்னா?"

"நான் என்ன சிஸ்டர் பண்ண முடியும்? திருப்தியா இருக்கான்னு சபைதான் தீர்மானிக்கும்." எழுந்து சட்டையில் விழுந்த துணுக்கைத் தட்டினார். "ஒந்தினா துவாலை ஒண்ணு தயாரா வச்சிருக்கா, எதுக்கும் இருக்கட்டும்னு."

அவர் போனதும் தமாரிஸ் உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சொல்லித் தொலைச்சிரேன் அம்மா. அந்த ஆளுக்கு என்ன, இன்னும் நாலு வருஷம்னாலும் பழம் தின்னுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"உனக்கு அவரைப் பத்தி என்னடி தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். எல்லாப் பொண்ணுங்களுக்கும் அம்மா தண்ணில நிப்பாங்க. எனக்கு மட்டும் அந்தம்மா வந்து கட்டிப்பிடிச்சா, நான் முழுகினது முழுகினபடியே கெடந்துருவேன், பாத்துக்க."

சொல்லிவிட்டு அழுதாள். கஷ்டம் என்று இந்த ஆறு மாதத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. கண்காணிப்பாளர் மேடையில் கழுத்துப்பட்டை கட்டி வியர்த்துக்கொண்டிருந்தார். ஞானஸ்நானம் பெறப்போகிற ஐந்து பெண்களும் வெள்ளை அங்கியில் முன்வரிசைக்கு முன்னால், தரையில் விரித்த பாயில் இருந்தார்கள். தமாரிஸ் மடியில் வீட்டுத் துவாலையை வைத்திருந்தாள். பாஸ்டரம்மாவின் மடியிலும் ஒன்று இருந்தது. அது புதுசு, ஓரத்தில் பூ வேலை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெல்மி எழுந்தாள். காஸ்துலோ காலை மடக்கி வழி விட்டார். "நல்லா சொல்லுங்க சிஸ்டர்" என்றார், கிண்டல் இல்லாமல்.

முன்னால் போய்த் திரும்பி நின்றபோது ஆறு மாதமாக முதுகாகப் பார்த்தவர்களெல்லாம் முகமாக உட்கார்ந்திருந்தார்கள். முதுகாகவே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் வேக வேண்டிய ரொட்டியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்கள்.

ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பித்தாள். யாரும் ரொட்டி வாங்காத மே மாதத்தைச் சொன்னாள். வாங்காதவர்கள் ஆமென் என்றார்கள். மாவு பிசைந்துகொண்டே ஆண்டவரோடு பேசக் கற்றுக்கொண்டதைச் சொன்னாள். அடைமழையன்று இந்த ஆலயத்தில் வந்து உட்கார்ந்திருந்ததையும், தன்னைத் தேவன் கைவிடவில்லை என்று தெரிந்துகொண்டதையும் சொன்னாள். தனியாக இருந்ததாகத்தான் சொன்னாள். கண்காணிப்பாளர் கைக்குட்டையை எடுத்தார். முன்வரிசை விசும்பியது. அந்த ஒன்றைத் தவிர அத்தனையும் உண்மை, அத்தனையும் அவள் வாயிலிருந்து வெளியே விழ விழ மலிவாகிக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டிச் சாட்சியைவிட ஒரு படி மேலே இருக்கலாம். அதே கடைச் சரக்குதான்.

அவ்வளவோடு நிறுத்தினாள்.

பாஸ்டர் செருமினார். சபை காத்திருந்தது. பாஸ்டரம்மா மடியிலிருந்த பூ வேலைத் துவாலையை இரண்டாக மடித்து, மறுபடி பிரித்தார். தமாரிஸ் தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தாள். அந்த முகத்தை மகளுடைய பத்து வயதில் ஒரு தடவை தெல்மி பார்த்திருக்கிறாள், தகப்பன் ஏறின பஸ் திரும்பி மறைந்த சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது.

"சிட்சைக்குக் கீழ்ப்படிஞ்சதாலதான் எனக்கு இந்தப் பலன் கெடச்சது" என்றாள் தெல்மி. "இருதயத்தைக் கடினப்படுத்திக்கிட்டு அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு எத்தனை வருஷமானாலும் ஒண்ணும் கெடைக்காது. அதை நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன்."

"ஆமென்!" என்றது சபை. இந்த ஆறு மாதத்தில் அவ்வளவு பெரிய ஆமெனை அவள் கேட்டதில்லை. அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின.

காஸ்துலோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் தேடினாள், கிடைக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் யாரென்று ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். பாஸ்டர் அதற்குள் அவள் தோளில் கை வைத்து, நம் சகோதரி சபைக்குள் மீட்கப்பட்டாள் என்று முழங்கினார். பாடகர் குழு எழுந்து பாட ஆரம்பித்தது. இனி அவளும் பாடலாம். தமாரிஸ் துவாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

தெல்மி வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை.

கடைசி பெஞ்சில் காஸ்துலோ எழுந்தார். தொப்பியிலிருந்த தோலை ஜன்னல் வழியாக உதறினார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார்.